நாளைக்கு, மெதுவாக, துறைமுகத்தில்

'நாளைக்கு' இரும்புக் குற்றிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அது அந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

"தாஹிர், அங்கால போ."

"அங்கால நிழல் இல்ல நானா."

"பாஷையில நிழல் பாக்க ஏலாது. நீ நாளைக்கு. குற்றிக்குப் பிறகுதான் உனக்கு இடம்."

கப்பல் வடம் கட்டுகிற அந்தக் குற்றியைச் சுற்றிக்கொண்டு தாஹிர் வெயிலுக்குப் போனான். அவனுக்கு அடுத்ததாக ஒரு தள்ளுவண்டி நின்றது. அது 'படகை'. வண்டிக்கு அடுத்ததாக றிக்சன். அவன் 'மெதுவாக'. அவனுக்கும் அப்பால் இரத்தினசிங்கம் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். அவர் 'துறைமுகத்தில்'. எல்லோருக்கும் கடைசியில் சுவரில் சாத்திய, தரை கூட்டுகிற ஒரு தும்புத்தடி. அது 'கழுவுவேன்'.

வரிசையின் தலைப்பில் பாயிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் 'நான்'.

தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள். இந்த நாலு பேரும் ஆபிரிக்கான்ஸ் படித்தார்கள்.

இதற்குக் காரணம் பாயிஸின் இடுப்பு. சீமெந்து மூட்டைக்குக் கீழே நிமிர்ந்த காலம் போய், இப்போது மூட்டை இல்லாவிட்டாலும் அது நிமிர மறுத்தது. இனித் தூக்கினால் படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தூக்காவிட்டால் அடுப்பு எரியாது என்பதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் கிருஷாந்த் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். துறைமுகத்துக்கு வருகிற வெளிநாட்டுப் பாய்ப்படகுகளுக்கு டீசல், தண்ணீர், கடிதாசி வேலை எல்லாம் செய்து கொடுக்கிற பெடியன் அவன்.

"தென்னாபிரிக்காக்காரர் ஒராள் வந்து நிக்கிறார் நானா. கோபஸ் எண்டு பேர். மாரி முடியிற வரைக்கும் படகுக்கு ஒரு காவல் ஆள் வேணுமாம்."

"என்ன வேலை?"

"கயிறு பாக்கிறது. உள்ளுக்கு வாற தண்ணியைப் பம்ப் பண்ணுறது. மிச்ச நேரம் சும்மா இருக்கிறது."

"எங்க இருக்கிறது?"

"கதிரையில."

கதிரை என்ற சொல் பாயிஸின் இடுப்புக்குள் போய் உட்கார்ந்தது.

"ஆளை அவரே பாத்துத்தான் எடுப்பார்," என்றான் கிருஷாந்த். "அவையின்ட பாஷை ஆபிரிக்கான்ஸ். இதுக்கு முதல் தெற்கால காலித் துறைமுகத்தில இவர்ட படகுக்குக் காவலுக்கு நிண்ட பெடியன் அந்தப் பாஷையைப் பழகிவைச்சிருந்தவனாம். 'என்ன வடிவாக் கதைச்சவன்' எண்டு கப்டன் இப்பவும் அவனைப் பற்றித்தான் சொல்லிச் சொல்லித் தலையை ஆட்டுறார்."

"அப்ப அந்தப் பாஷை வேணும்."

"முழுக்க வேண்டாம் நானா. ஒரு வசனம் போதும். ஆள் உருகிப்போவார்."

கிருஷாந்தே வசனத்தைத் தேடிக் கொடுத்தான். நான் நாளைக்குப் படகை மெதுவாகத் துறைமுகத்தில் கழுவுவேன். காவல்காரன் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? பாயிஸின் போனில் ஒரு பாடத்தையும் ஏற்றிவிட்டான். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "எக் சல் மோரெ டி பூட் ஸ்தாடிஹ் இன் டி ஹாவெ ஸ்கூன்மாக்."

"சொல்லுகளைப் பாடமாக்கலாம்," என்றான் கிருஷாந்த். "ஆனா ஒழுங்கு முக்கியம். எப்ப, எப்பிடி, எங்க. மோரெ முதல், ஸ்தாடிஹ் பிறகு, இன் டி ஹாவெ கடைசி. மாத்தினா அவைக்குக் காது கூசும். இந்த 'சல்' இருக்கே, அது எப்பவும் ரெண்டாவது இடம். ஆர் முன்னுக்கு வந்தாலும் போனாலும் அது அசையாது."

இரத்தினசிங்கம் இதைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். திரியாயில் கடற்தொழில் செய்து, வள்ளம் உடைந்தபின் மூட்டைக்கு வந்தவர் அவர்.

"எங்கட பாஷை தட்டிவான் மாதிரி," என்றார். "நாளைக்கு எண்டவன் முன்னுக்கும் ஏறலாம், பின்னுக்கும் ஏறலாம், தொங்கிக்கொண்டும் வரலாம். அவங்கட பாஷை கொழும்பு ரயில். சீட் நம்பர் இருக்கு."

பாயிஸுக்கு எழுத்து பிந்தி வந்தது. எழுதி வைத்தால் அவன் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் முதல் சொல் ஆறிப்போகும். ஆகவே சொற்களை ஆட்களாக நிறுத்தலாம் என்று றிக்சன்தான் சொன்னான். மூட்டை கைமாறுகிற மாதிரி வசனமும் கைமாறும். அசையாத 'சல்'லுக்கு அசையாத இரும்புக் குற்றி.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. வேலைநேரத்திலும் செய்யக்கூடியதாக இருந்தது. பாயிஸ் மூட்டையை எடுத்து "எக்" என்பான். குற்றியைத் தாண்டும்போது "சல்" என்பான். தாஹிர் "மோரெ" என்று வாங்குவான். றிக்சன் "ஸ்தாடிஹ்" என்று பறிப்பான். மெதுவாக என்று அர்த்தமுள்ள சொல்லை அந்த வேகத்தில் உலகத்தில் வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இரத்தினசிங்கம் "இன் டி ஹாவெ" என்று லொறிக்குள் போடுவார். நாலைந்து நாளில் வசனம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

பிறகுதான் தெரிந்தது, அது மூட்டையோடு மட்டும்தான் ஓடுகிறது என்று.

"தனியச் சொல்லிக் காட்டுங்கோ நானா," என்றான் கிருஷாந்த்.

"எக் சல்," என்றான் பாயிஸ். பிறகு இடது பக்கம் திரும்பித் தாஹிரைத் தேடினான்.

"திரும்பாமச் சொல்லுங்கோ."

"எக் சல்..." கழுத்து தானாகத் திரும்பியது.

வீட்டில் பழகினால் சரிவரும் என்று பாயிஸ் நினைத்தான். அன்று பின்னேரம் குசினியில் தண்ணீர்ப் பானையைக் குற்றியாக்கினான். சோற்றுக் கோப்பையைப் படகாக்கினான். மனைவி அசனாவைக் கூப்பிட்டான்.

"இஞ்ச வந்து நில்லு. நீ ஸ்தாடிஹ்."

"அதென்னது?"

"மெதுவாக."

"நான் மெதுவாகவோ? விடிய எழும்பி இடியப்பம் அவிச்சு வித்துப்போட்டு வந்து நிக்கிறவள் மெதுவாகவோ?"

"சரி, அப்ப மோரெ. நாளைக்கு."

அசனா யோசித்தாள். "அது எனக்குத் தோதுதான். கூரைத் தகரம் மாத்திறன் எண்டு நீங்க சொன்ன நாள்லருந்து நான் நாளைக்கோடதான் குடும்பம் நடத்திறன்."

அவள் அந்தச் சொல்லை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். பிரச்சினை, பிறகு அதை அவள் விடவில்லை. பாயிஸ் தேத்தண்ணி கேட்டால் "மோரெ" என்றாள். சாரம் தோய்க்கச் சொன்னால் "மோரெ" என்றாள். பெருநாளைக்கு உம்மா வீட்டுக்குப் போவோமா என்று அவள் கேட்டபோது அவன் தெரியாமல் "மோரெ" என்றுவிட்டான். அன்று இரவுச் சோறும் வரவில்லை. தனியாகச் சொல்லப் பழகப் போனவன், 'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரிகிற நிலைக்கு வந்து சேர்ந்தான்.

மறுநாள் துறைமுகத்தில் இன்னொன்று உடைந்தது.

அவர்கள் மூட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரம், பக்கத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் கயிறு கழற்றிக்கொண்டிருந்தது. மூட்டை இரத்தினசிங்கத்தின் கைக்கு வந்தது. அவர் பழக்கத்தில் உரத்து "இன் டி ஹாவெ" என்றார். வள்ளத்தின் இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

வள்ளக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, என்ன சொன்னனீங்கள் இப்ப?"

"ஒண்டுமில்லை."

"வெள்ளைக்காரப் பாஷையில ஏதோ சொன்னனீங்கள். அதுக்கு என்ன அர்த்தம்?"

இரத்தினசிங்கத்துக்குப் பொய் வராது. "துறைமுகத்தில எண்டு அர்த்தம்."

"வெளிக்கிடுற வள்ளத்தைப் பாத்துத் துறைமுகத்தில எண்டு சொன்னா அது பிறகு எங்க நிக்கும்? நீங்களும் கடல்ல போன மனிசன்தானே!"

வள்ளக்காரர் கேட்டது நியாயம்தான்; இடத்தைச் சொன்னால் பயணம் தடைப்படும். வெளிக்கிட்டுப் புறப்படுகிற ஆளிடம் எங்கே என்று கேட்பதும் இல்லை, இடத்தின் பேரை எடுப்பதும் இல்லை. கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமோ?" என்பார்கள். போகிறவரும் "ஓம்" என்பார். அதோடு முடிந்தது. திரியாயிலும் அப்படித்தான், கிண்ணியாவிலும் அப்படித்தான். கோயிலுக்குப் போகிறவனும் பள்ளிவாசலுக்குப் போகிறவனும் வேதக்காரனும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

"இனி என்ர வாயால அது வராது," என்றார் இரத்தினசிங்கம்.

"அண்ணே, வசனம் நடுவழியில நிக்கும்," என்று பாயிஸ் கெஞ்சினான்.

"வள்ளம் நிக்கிறதைவிட அது பரவாயில்லை தம்பி."

"ஒரு வள்ளமும் வெளிக்கிடாத நேரத்தில சொல்லுங்களன்."

"இது துறைமுகம். வெளிக்கிடாத நேரம் எண்டு ஒண்டு இருக்கோ?"

றிக்சன் இரண்டு சொல்லையும் தானே சொல்வதாக முன்வந்தான். அவன் சொன்ன வேகத்தில் மெதுவாகவும் துறைமுகமும் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, கேட்பதற்குத் தும்மல் மாதிரி இருந்தது. அதுவும் சரிவரவில்லை.

தாஹிர் வேறொரு வழி கண்டுபிடித்தான். அவனும் ஒழுங்காகப் பாடம் கேட்டுவந்தவன்தான்.

"நானா, மோரெயை முன்னுக்குக் கொண்டுவரலாம் எண்டு அந்தப் பொம்பிளை சொல்றா. மோரெ சல் எக். நான் உங்கட இடத்துக்கு வாறன். நீங்க குற்றிக்கு அங்கால போங்க."

"அதால என்ன லாபம்?"

"எனக்கு நிழல்."

"டேய்."

"உங்களுக்கும் லாபம் இருக்கு. தாஹிர் எங்க எண்டு தேடத் தேவையில்ல. நான் உங்கட கண்ணுக்கு முன்னால நிப்பன்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பாயிஸின் கால்கள் பழைய ஒழுங்கைப் பழகியிருந்தன. தாஹிர் "மோரெ" என்று மூட்டையை நீட்ட, பாயிஸ் வாங்கிக்கொண்டு 'நான்' நிற்கிற இடத்துக்குப் போனான். அங்கே தாஹிர் நின்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விலகினார்கள், ஒரே பக்கமாக. குற்றி மட்டும், பாடத்தில் சொன்னபடி, அசையவில்லை. பாயிஸின் முழங்கால் அதில் இடித்தது. மூட்டை கடலுக்குள் போனது.

சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விரிந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுப்பவைசரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாயிஸ்."

"ஓம் சேர்."

"நீங்க வீட்ட போங்க. நாளைக்கு வரவேண்டாம்."

"எண்டைக்கு வரட்டும் சேர்?"

"அதைத்தான் சொன்னனே. நாளைக்கு வரவேண்டாம். எந்த நாளைக்கும்."

ஆக, மூட்டையும் போனது. இனி அந்தக் கதிரை ஒன்றுதான் மிச்சம். அசனா இதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லுங்க. எக் சல்."

"நீ மோரெ."

"ஓம். மோரெ," என்றாள். அன்று அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள்.

கப்டன் ஆள் தெரிந்தெடுக்கிற நாளும் வந்தது. இறங்குதுறைப் படிக்கட்டில் கிருஷாந்த் நின்றான். கீழே, ரப்பர் வள்ளத்தில் கப்டன் கோபஸ் இருந்தார். வெயிலில் காயப்போட்டு எடுக்க மறந்த மாதிரி ஒரு நீளமான மனிதர். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்ப்பார், நெற்றியைச் சுருக்குவார், சட்டைப் பைக்குள் திரும்பவும் வைப்பார்.

பாயிஸுக்கு முன்னால், அதே வேலை கேட்டு வந்த றுவைஸ் நின்றான். கட்டாரில் ஹோட்டலில் வேலை செய்தவன், இங்கிலீஷைத் தண்ணீர் மாதிரி ஊற்றினான். எந்தப் படகு எங்கே நிற்கிறது, அதன் சொந்தக்காரர் எந்த வீட்டில் தங்குகிறார், எத்தனை மணிக்கு எழும்புகிறார், எல்லாம் தனக்குத் தெரியும் என்று சொன்னான். யாரும் கேட்காமலே ஒவ்வொருவரின் விலாசத்தையும் கொடுத்தான். கப்டன் கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அடுத்த ஆள்.

"றுவைஸுக்கே இல்லையெண்டா," என்று தாஹிர் காதுக்குள் சொன்னான், "இவர் பாஷைதான் பாக்கிறார்."

கிருஷாந்த் பாயிஸுக்குப் பின்னால் பார்த்தான்.

"என்ன நானா, நேர்முகத்துக்கு நாலு பேரோ?"

"இல்ல தம்பி. நான் ஒராள்தான். இவங்க என்ட சொல்லுகள்."

கிருஷாந்த் கண்ணை மூடித் திறந்தான். அதற்குள் வரிசை நின்றுவிட்டது. குற்றிக்குப் பதிலாகப் படிக்கட்டின் கைபிடிக் கம்பி. பாயிஸ் தொண்டையைச் செருமினான்.

"எக்."

கப்டன் நிமிர்ந்தார்.

பாயிஸ் கம்பியைத் தொட்டான். "சல்."

"மோரெ," என்றான் தாஹிர்.

பாயிஸ் ரப்பர் வள்ளத்தைக் காட்டினான். "டி பூட்."

"ஸ்தாடிஹ்!" என்று றிக்சன் வெடித்தான்.

கப்டனின் முகம் இறுகியது. உருகுவார் என்று கிருஷாந்த் சொன்ன முகம் அது இல்லை. அவர் எழுந்து வள்ளத்தின் இயந்திரத்தை இழுத்து விட்டார். கயிற்றைக் கழற்றத் தொடங்கினார். இந்த ஆளும் வேண்டாம் என்று போகப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

எல்லோரும் இரத்தினசிங்கத்தைப் பார்த்தார்கள். பாயிஸுக்காக இந்த ஒரு தரம் சொல்வதாக அவர் காலையில்தான் ஒத்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தார். கப்டனின் கையில் கழற்றிய கயிற்றைக் கண்டார். வாயை மூடினார்.

மிச்சத்தைப் பாயிஸே சொல்லலாம். அது அவன் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் கதிரை, சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் கயிறு கழற்றிய மனிதன் ஒருவன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான், இயந்திரமும் ஓடுகிறது. நாக்கு போய்ப் பல்லுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

ஒரு காகம் கத்தியது.

"வார்?" என்றார் கப்டன்.

பாடத்தில் அந்தச் சொல் இருந்தது. எங்கே? பாயிஸ் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினான்.

கப்டன் இயந்திரத்தை நிப்பாட்டாமலே கயிற்றைத் திரும்பக் கட்டினார். ஒரு படி ஏறி வந்தார். "வார்?" என்று இன்னும் உரத்துக் கேட்டார். பாயிஸ் கடலைப் பார்த்தான். கப்டன் கிருஷாந்திடம் என்னவோ கேட்டார்.

"ஏன் சொல்லுறியள் இல்லையெண்டு கேக்கிறார் நானா. மறந்துபோச்சோ?"

"மறக்கல்ல. வெளிக்கிடுற ஆளுக்கு இடம் சொல்றல்ல எண்டு சொல்லுங்க."

"இதையெல்லாம் எப்பிடி நான் அவருக்கு—"

"சொல்லுங்க தம்பி. பாஷை தெரியாதவன் எண்டு நினைக்கக்கூடாது."

கிருஷாந்த் வியர்த்து வியர்த்துச் சொன்னான். கப்டன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். கடைசியில் கிருஷாந்த் திரும்பினான்.

"ஆர் கேட்டாலும் சொல்லமாட்டீங்களோ எண்டு கேக்கிறார்."

"என்ட வாப்பா எழும்பி வந்து கேட்டாலும் சொல்லமாட்டன்."

கப்டன் மிச்சப் படிகளும் ஏறி வந்தார். பிறகு சிரித்தார். சட்டைப் பையிலிருந்து, தக்கை கட்டிய படகுக் கதவுத் திறப்பை எடுத்துப் பாயிஸின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்தினார்.

"வேலை உங்களுக்குத்தான் நானா," என்றான் கிருஷாந்த். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

திரும்பி நடக்கும்போது, வேலை எந்தச் சொல்லால் கிடைத்தது என்று தாஹிரும் றிக்சனும் சண்டை பிடித்தார்கள். இரத்தினசிங்கம் மட்டும் வெற்றிலையை மென்றபடி வந்தார். தன்னுடைய சொல் வெளியே வரவே இல்லை என்ற குறை அவருக்கு இருந்திருக்கும்.

கப்டன் கரைக்கு வந்தார். தங்குவதற்கு ஒரு இடம் வேண்டுமென்று அவர் கையால் காட்ட, பாயிஸ்தான் லிங்கநகரில் ஒரு மேல்மாடி அறை பிடித்துக் கொடுத்தான். எந்த வீடு என்று கிருஷாந்த் கேட்டபோது கப்டன் பையோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். அதனால் பாயிஸ் சொல்லவில்லை. பிறகு கிருஷாந்தும் கேட்கவில்லை.

கதிரை உண்மையாகவே இருந்தது. மடக்குக் கதிரை, துணி போட்டது. மழை தொடங்கிய நாட்களில் பாயிஸ் பாய்த் துணிக்குக் கீழே அதில் இருந்து, நனைகிற துறைமுகத்தைப் பார்த்தான். இடுப்பு மெல்ல மெல்ல இவன் யாரென்று மறந்துவிட்டு நிமிர்ந்தது.

ஒரு கவலை மட்டும் இருந்தது. முடியாத வசனத்துக்கு முழு வேலை கிடைத்திருக்கிறது. பாஷை தெரிந்த ஒருவர் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அவன் தனியே பழகினான். பாய்மரம்தான் 'சல்', அது அசையாது. பம்ப், வாளி, கதிரை என்று மற்றச் சொற்களுக்கும் ஆள் பிடித்தான். தாஹிரைத் தேடிக் கழுத்துத் திரும்புவது நின்றது. ஒரு நாள் காலை, ஒரு வள்ளமும் கண்ணுக்குத் தெரியாத நேரம் பார்த்து, முழு வசனத்தையும் கடல் காகங்களுக்குச் சொன்னான். எப்ப, எப்படி, எங்கே. ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்த்தான். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆள் அடுத்த கிழமை வந்தது.

வாடகைக்குப் பிடித்த மீன்பிடி வள்ளம் ஒன்று படகை நோக்கி வந்தது. வள்ளக்காரர், கிருஷாந்த், நடுவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. குடை ஒரு கையில், கைப்பை மறு கையில். வள்ளம் படகோடு உரசி நின்றதும் அவள் எழுந்து நின்றாள். ஏறிவர முழங்கால் இடம் கொடுக்கவில்லை போலிருந்தது.

"கப்டன்ட அக்கா நானா," என்று கிருஷாந்த் கத்தினான். "அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறா. இடம் உங்களுக்குத்தான் தெரியும் எண்டு சொல்லிப்போட்டன்."

பாயிஸ் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டான். கப்டனின் கூடப்பிறந்தவள். இதே பாஷையைப் பாலோடு குடித்தவள். இவள் ஒரு வார்த்தை நல்லது சொன்னால் அடுத்த மாரிக்கும் கதிரை நிச்சயம்.

"வார் இஸ் மெய் ப்ரூர்?" என்று கேட்டாள் கிழவி.

வார். விளங்கிவிட்டது! அவன் சொல்லப் போனான். அப்போதுதான் வள்ளத்தின் இயந்திரம் இன்னும் ஓடுகிறது என்பதைக் கவனித்தான். ஓடுகிற வள்ளத்தில் நின்றுகொண்டு எங்கே என்று கேட்கிறாள். வள்ளக்காரருக்கும் அது பொறுக்கவில்லை. அவர் பக்கத்துக் கடலில் துப்பினார்.

நல்லெண்ணத்துக்காகப் பாயிஸ் தன் வசனத்தை எடுத்தான். "எக் சல் மோரெ டி பூட் ஸ்தாடிஹ்..." இடம் வந்ததும் நின்றான்.

கிழவியின் முகம் மலர்ந்தது. "யா, யா! வார்?"

பாயிஸ் கையைத் திருகிக் காட்டினான். இயந்திரத்தை நிப்பாட்டுங்கள், சொல்கிறேன் என்று அர்த்தம். அவள் அதைத் திரும்பிப் போ என்று எடுத்துக்கொண்டாள். குடையைப் படகின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

"வார்?"

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்க!"

"நிப்பாட்டினா இந்த மழைக்குள்ள திரும்ப ஸ்டார்ட் வராது," என்று வள்ளக்காரர் கத்தினார். "அண்டைக்கு உங்கட இரத்தினசிங்கம் வாய் வைச்ச எஞ்சின் இது!"

"வார்? வார்? வார்?" கிழவி ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தரம் கேட்டாள்.

பாயிஸ் வியர்த்துப்போய் வசனத்தைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து சொன்னான். திரும்பவும் அதே இடத்தில் நின்றான். மூன்றாம் தரம் சொன்னபோது கிழவியின் கண் கலங்கிவிட்டது. அவள் உட்கார்ந்து, குடையைக் கரைப் பக்கம் நீட்டினாள். வள்ளம் திரும்பியது.

தன்னுடைய வசனம் ஒரு மனிதரை அழவைக்கும் அளவுக்குப் பிழையாக இருக்கும் என்று பாயிஸ் நினைத்திருக்கவில்லை. கதிரைக்குப் போய், அதில் இருக்காமல், அதை மடித்து வைத்தான். இன்றைக்கே இறங்கச் சொல்வார்கள். அசனாவிடம் என்ன சொல்வது? நாளைக்குச் சொல்வோம்.

போன் அடித்தது. கிருஷாந்த். காற்றுச் சத்தம், மழைச் சத்தம், நடுவில் மூக்குறிஞ்சுகிற சத்தம்.

"அவ என்ன சொல்றா தம்பி? நான் கதைச்சது பிழையாமோ? கப்டனுக்குச் சொல்லப்போறாவோ?"

"உங்களைப் பற்றி ஒண்டும் இல்லை நானா. காலியில நிண்ட பெடியன்தான் தங்கமான பிள்ளையாம், இவ கேட்ட உடனயே தம்பி எங்க இருக்கிறார் எண்டு இவவின்ட பாஷையிலேயே ஒரு சொல்லும் பிசகாமச் சொன்னவனாம், அந்த ஒரு குற்றத்துக்காகக் கப்டன் அவனை அண்டைக்கே வேலையால நிப்பாட்டிப்போட்டாராம் எண்டு வழி முழுக்க அழுதுகொண்டு வாறா."